கழிவு: இரண்டு வெள்ளி

மானுக்குத் தாடி கிடையாது.
எட்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான்
எனக்கு அது உறைத்தது,
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையின் மேல்மாடியில்,
மதியம் மூன்று மணிக்கு.

பிரிசில்லா கேட்டது ஒரு பத்திதான்.
தொண்ணூறாம் ஆண்டு டின்னில்
மூடியின் உட்பக்கம் அச்சாகும்.
"நிறுவனர் கனவுல மான் வந்துச்சு,
அந்த மாதிரி ஏதாச்சும். படிச்சா கண்ணு கலங்கணும்."
கூடவே மானின் வயிற்றை உள்ளிழுக்க வேண்டும்,
கண்ணைப் பெரிதாக்க வேண்டும்.
இப்போதைய கண்
எதையோ கணக்குப் பார்ப்பதுபோல் இருக்கிறதாம்.

கிடங்கில் துருப்பிடித்த பெட்டி ஒன்று, உள்ளே பழைய லேபிள்கள்.
சப்பான் காலத்தில் மல்லி வரவில்லை, மிளகாய் வரவில்லை,
லேபிள் மட்டும் கட்டுக்கட்டாய் மிஞ்சியது.
பின்பக்க வெள்ளையில்
யாரோ மரவள்ளிக் கணக்கு எழுதியிருக்கிறார்கள்:
நாலு கட்டி, ஆறு கட்டி,
கடன்,
கடன்,
பெரியவனுக்குக் காய்ச்சல், கடன்.
திருப்பினால் மான்,
விற்க ஒன்றுமில்லாமல்
முன்னங்காலைத் தூக்கி நிற்கிறது.

எல்லாவற்றுக்கும் அடியில் அந்த ரசீது.
ஊய் பூன் தெக், கல்லச்சுக்காரர்,
பீச் ஸ்ட்ரீட் பின்சந்து, முப்பத்தாறாம் வருடம்.
"ஆடு ஒன்று. இரண்டு நிறம். ஐயாயிரம் தாள்."

ஆடு.

நெய்னா மரைக்காயர் விற்றது
ஆட்டிறைச்சி மசாலா; வேறென்ன கேட்பார்?
பூன் தெக்கும் ஒழுங்காகத்தான் வரைந்திருக்கிறார்,
கல்லில் இடவலம் மாற்றி, தாடியோடு, மடியோடு.
முடித்த பிறகு
கொம்பு நுனியிலிருந்து கல் விரிந்தது,
மேலே போய் இரண்டாகி, இரண்டும் மூன்றாகி.
விரிசல் மையைக் குடித்தது.
ஐயாயிரம் தாளிலும் கிளைக்கொம்பு.

"கல்லில் கோளாறு. கழிவு: இரண்டு வெள்ளி."
அதன் கீழே வேறு மையில், தமிழில்,
அவசரத்தில் சாய்ந்த எழுத்து:
"இருக்கட்டும். அடியும்."

பிறகு அது கடைத்தெருவுக்குப் போனது.
தண்ணீர்மலைக்குக் காவடி எடுத்தவர்கள்
வள்ளியைப் பெற்ற மானென்று வாங்கினார்கள்.
ஆட்டுப் படமென்றால்
அந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்திருக்க மாட்டார்கள்;
கத்தரிக்காய்க்குப் போட்டாலும் ருசியாம்.
சீனத் தவுக்கேக்கு மானும் சம்பளமும் ஒரே ஓசை,
கல்லாவுக்கு மேலே ஒட்டிவைத்தார்.
மலாய்க்காரர்கள் ரூசா என்றார்கள்,
நோன்புப் பெருநாளுக்கு இரண்டிரண்டாய் வாங்கினார்கள்.
மரைக்காயர் என்னவென்று கூப்பிட்டாரோ,
எழுதிவைக்கவில்லை.
அடுத்த ரசீதில் மான் என்றே இருக்கிறது.
முழு விலை.

எழுபத்தொன்றில் யாரோ முதுகில் புள்ளி வைத்தார்.
இன்னொருவர் மடியை வழித்தெடுத்தார்.
எண்பத்தெட்டில் பட்டைக்கோடு வந்து
பின்னங்காலைக் கணுக்கால்வரை தின்றது.
தாடியை மட்டும் ஒருவரும் தொடவில்லை,
நிழல் என்று விட்டிருக்கலாம்.

பிரிசில்லா ரசீதைப் படித்துச் சிரித்தாள்,
இன்னொரு தடவை படித்தாள், சிரிக்கவில்லை.
"இரண்டு வெள்ளிக்கு விட்டுக்கொடுத்தாங்கன்னு
மூடியில போட முடியுமா, சொல்லு?
கனவையே எழுது."

எழுதினேன்.
கொடிமலை, பனி, பிறை, ஓடையில் நீர் குடிக்கும் ஒரு மான்,
திடுக்கிட்டு எழும் வியாபாரி.
பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது.
வாசித்துப் பார்த்தேன்,
எனக்கே கண் கலங்கியதுதான் கேவலம்.

கண்ணைப் பெரிதாக்கினேன். வயிற்றை உள்ளிழுத்தேன்.
கொம்புக்கு வந்ததும் மென்பொருள் குறுக்கிட்டது:
கோட்டில் தேவையற்ற புள்ளிகள் நாற்பத்தொன்று,
நேராக்கவா?
வேண்டாம் என்று தட்டினேன்.
தாடியில் ஒரு மயிர் நீண்டிருந்தது, அதையும் விட்டேன்.

கோப்புக்குப் பெயர் கேட்டது.
"ஆடு, இறுதி, மூன்று" என்று கொடுத்துவிட்டு
பாலத்தில் நெரிசல் தொடங்குமுன்
வீட்டுக்குக் கிளம்பினேன்.